அருஷாவில் ஒரு ராத்திரியா, இரண்டு ராத்திரியா? (அம்மா, இரண்டு பிள்ளைகளோடு சஃபாரி)

பனியன்_ஊர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது உதவி தேவைப்படுகிறது.

தான்சானியாவுக்குக் குடும்பமாகப் போக ஆசை. நான், மனைவி, மகள் (11), மகன் (நாலரை, நவம்பரில் ஐந்து முடியும்), அம்மா (68). அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, சுத்த சைவம். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் ஒன்பது நாள் போகலாம் என்று நினைத்திருக்கிறோம்.

பயண ஏற்பாட்டாளர் கொடுத்த திட்டம் இது: மதியம் ஒரு மணிக்குக் கிளிமஞ்சாரோ விமான நிலையம், அன்று இரவு பக்கத்து ஊரான அருஷா, மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. மனைவி அருஷாவில் இரண்டு ராத்திரி வேண்டும் என்கிறாள். சென்னைக்கு வந்தவன் தாம்பரத்தில் இரண்டு நாள் தங்குவானா என்று நான் கேட்கிறேன். அங்கே ஒரு நாளைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. யார் சொல்வது சரி?

அருஷாவாசி
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஏழு வருடமாக இங்கே ஒரு பூப்பண்ணையில் வேலை பார்க்கிறேன், வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் ஐந்து மணி நேரம் என்று தோன்றும். வழியில் வரும் ங்கொரோங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் நுழைவாயில் வரைக்கும்தான் தார்ச்சாலை. வழியில் ஊர் வருகிற இடமெல்லாம் 50 கிலோமீட்டர் வேகம்தான், வெள்ளைச் சீருடைப் போலீஸ் மரத்தடியில் நின்றுகொண்டே இருப்பார். தார் முடிந்த பிறகு தகரக் கூரை மாதிரி வரிவரியான மண்சாலை. இங்கே ஓட்டுநர்கள் அதை 'ஆப்பிரிக்க மசாஜ்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மொத்தம் ஏழு, எட்டு மணி நேரப் பயணம், அதில் பாதி அந்த மசாஜ் என்றால் அம்மாவின் மூட்டு என்ன ஆகும்?

அடுத்தது மே மாதம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை இங்கே பெருமழைக் காலம், 'மசிகா' என்பார்கள். சில முகாம்களையே மூடிவிடுவார்கள். திறந்திருப்பவற்றில் வாடகை குறையும், நிலம் பச்சைப்பசேல் என்று இருக்கும், அதெல்லாம் சரி. ஆனால் சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ள அம்மாவையா கூப்பிடுவீர்கள்? நம் ஊர்க் கோடை விடுமுறையும் இவர்கள் மழைக்காலமும் ஒன்றாக வந்து விழுவது நம் துரதிர்ஷ்டம்.

சுருக்குப்பை
தம்பி, காசு விஷயம் நான் சொல்கிறேன். தேசியப் பூங்காக்களில் ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐந்திலிருந்து பதினைந்து வரை குறைந்த கட்டணம், பதினாறிலிருந்து முழுக் கட்டணம். உங்கள் பையனுக்கு நவம்பரில்தான் ஐந்து என்றால் அதற்குள் போய்விட்டு வாருங்கள். நான் போனபோது என் மகளுக்கு ஐந்து முடிந்து பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

ங்கொரோங்கொரோ பள்ளத்துக்குள் இறங்க, ஆள் கட்டணம் போக வண்டிக்கு என்று தனியாக வரியோடு 300 டாலர் அளவில் வாங்குகிறார்கள். ஐந்து பேர் ஒரே வண்டியில் போனால் பங்கு குறையும். பெரும்பாலான சஃபாரி வண்டிகளில் ஆறு, ஏழு பேர் உட்காரலாம், அதனால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போகச் சொல்லி ஏற்பாட்டாளர் வற்புறுத்துவார். வேண்டாம். நாலரை வயதுப் பையனுக்கு எப்போது ஒன்றுக்கு வரும் என்று அவனுக்கே தெரியாது.

நைரோபி_டீக்கடை
அருஷாவே எதற்கு? நைரோபிக்கு வாருங்கள். தேசியப் பூங்கா நகரத்தை ஒட்டியே இருக்கிறது, உயரக் கட்டடங்கள் பின்னால் தெரிய சிங்கத்தைப் படம் எடுக்கலாம். தாய் இல்லாத யானைக்குட்டிகளுக்குப் பால் புகட்டுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். தோசை கேட்டால் தோசை, இட்லி கேட்டால் இட்லி. அப்புறம் நமங்கா எல்லை வழியாக அருஷாவுக்குப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம், அவ்வளவுதான்.

அருஷாவாசி
அண்ணா, நைரோபியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாட்டுக்கும் தனித்தனி அனுமதி, எல்லையில் வரிசை, அதில் ஒரு நாள் போய்விடும். ஒன்பது நாள் விடுமுறையில் இது ஆகாது. கென்யாவே பார்க்கப் போகிறார் என்றால் நீங்கள் சொல்வது நல்ல யோசனை.

டாக்டரம்மா_மதுரை
நைரோபி என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

இந்தியாவிலிருந்து நேராகத் தான்சானியா போகிறவர்களிடம் இதைக் கேட்பதில்லை. கென்யா, எத்தியோப்பியா மாதிரி நோய் உள்ள நாடுகள் வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். நிறையப் பேர் மறப்பது திரும்பி வரும் பயணத்தை. அந்த நாடுகளில் இருந்துவிட்டுச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறி வந்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அதற்கும் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு 68. நானாக இருந்தால் தோஹா மாதிரி ஊசிப் பேச்சே இல்லாத வழியில் டிக்கெட் எடுப்பேன். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

மலேரியா மாத்திரையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. பையனின் எடைக்கு ஏற்ற அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அருஷா உயரத்தில் இருக்கிறது, கொசு குறைவு என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் போகும் வழியில் ஓர் ஊருக்குப் பெயரே 'ம்டோ வா ம்பு', அதாவது கொசு ஆறு.

பனியன்_ஊர்க்காரன்
டாக்டரம்மா, நன்றி. அடிஸ் அபாபா வழியாக மலிவு டிக்கெட் ஒன்றை எடுக்க இருந்தேன், விட்டுவிட்டேன்.

மே மாதமும் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு, ஆயுத பூஜையும் ஒட்டி வருகிறது. பையனுக்கும் இன்னும் ஐந்து ஆகியிருக்காது. (சுருக்குப்பை அக்காவுக்கு ஒரு கும்பிடு.) அந்தச் சமயம் எப்படி?

கேமராப்பெட்டி
செப்டம்பர் கடைசி அருமையான நேரம். வறட்சி உச்சத்தில் இருக்கும், விலங்குகள் தண்ணீர் இருக்கும் இடத்தை விட்டு நகராது.

ஆனால் அருஷாவில் இரண்டு ராத்திரி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போக்குவரத்து நெரிசல், புழுதி, தெருவில் நடந்தால் பின்னாலேயே வந்து சஃபாரி விற்கும் ஆட்கள். மணிக்கூண்டைப் பார்க்கலாம், கெய்ரோவுக்கும் கேப் டவுனுக்கும் சரிபாதி தூரத்தில் இருக்கிறது என்பார்கள். பார்த்து முடிக்க நாலு நிமிடம். மதியம் ஒரு மணிக்கு இறங்குகிறீர்கள் அல்லவா? நேராகக் கராட்டு போய்விடுங்கள். ஏழு மணிக்குள் சேரலாம். மறுநாள் காலை எழுந்தால் ங்கொரோங்கொரோ வாசல் பக்கத்திலேயே. ஒரு நாள் மிச்சம். அந்த நாளைச் செரெங்கெட்டிக்குக் கொடுங்கள்.

அருஷாவாசி
கேமராக்காரரே, ஊருக்குள் தங்கச் சொன்னது யார்?

ஊருக்குள் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து அருஷா சுமார் 50 கிலோமீட்டர். அந்த வழியில் பாதியில் ஊசா ரிவர் என்ற இடம் வரும், அப்புறம் தெங்கேரு. மேரு மலையின் அடிவாரம், வாழைத்தோப்பு, காப்பித் தோட்டம், தோட்டத்துக்குள் சின்னச் சின்ன விடுதிகள். ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வான உயரம்தான், ஆனால் குளிர்ச்சி உண்டு. அங்கே இரண்டு ராத்திரி போடுங்கள்.

இரண்டாம் நாள் அருஷா தேசியப் பூங்கா, ஊசா ரிவரிலிருந்து பக்கம். யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, காரணம் அங்கே சிங்கம் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி. வாசலைத் தாண்டியதும் 'குட்டி செரெங்கெட்டி' என்று ஒரு புல்வெளி, அங்கே ஒட்டகச்சிவிங்கி கூட்டமாக நிற்கும். உள்ளே போனால் கருப்பு வெள்ளை ரோமம் தொங்கும் கொலபஸ் குரங்குகள். மொமெல்லா ஏரிகளில் காலம் சரியாக இருந்தால் பூநாரை. பையனுக்கு ஒட்டகச்சிவிங்கி பிடிக்கும் என்றால் இதை விடவே கூடாது, ங்கொரோங்கொரோ பள்ளத்துக்குள் ஒட்டகச்சிவிங்கியே கிடையாது. அவ்வளவு செங்குத்தான சுவர்.

இன்னொன்று. முதல் நாளே ஆறு மணி நேரம் வண்டியில் போனால் மகனும் அம்மாவும் அடுத்த இரண்டு நாளைத் தூங்கியே கழிப்பார்கள். சிங்கம் வந்தாலும் எழ மாட்டார்கள்.

கேமராப்பெட்டி
அது சரி, ஆனால் செரெங்கெட்டியை விட்டுவிட்டு என்ன தான்சானியா?

அருஷாவாசி
விடச் சொல்லவில்லை, நாளைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் வைல்டுபீஸ்ட் எனும் பெரிய மான்களின் கூட்டம் பெரும்பாலும் வடக்கு மூலையில், மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும். அது செரொனேராவிலிருந்தும் வெகுதூரம். நடுச் செரெங்கெட்டியில் சிங்கமும் சிறுத்தையும் வருடம் முழுக்க உண்டு, ஆனால் இரண்டு இரவாவது இல்லாமல் போவது வீண். அதே சமயத்தில் தரங்கீரே தேசியப் பூங்காவைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, தரங்கீரே ஆற்றில் மட்டும் தண்ணீர். யானைகள் கூட்டம் கூட்டமாக அங்கேதான் வரும். அருஷாவிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம், வாசல் பக்கம் வரை தார்ச்சாலை. என் அப்பா அங்கே பார்த்த பெருக்க மரங்களை (பாவோபாப்) பற்றி இன்றும் பேசுகிறார்.

தரங்கீரே போகும்போது கருநீலம், கருப்பு உடை வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். ஜீன்ஸ் துணி தாண்டியும் கடிக்கும்.

தயிர்சாதம்
அம்மாவின் சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே!

அருஷாவில் குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், அதனால் சைவத்துக்குப் பஞ்சமில்லை. சப்பாத்தியை அவர்களும் 'சப்பாத்தி' என்றே சொல்கிறார்கள். 'வாலி மஹராகே' கேளுங்கள், சோறும் அவரை இனப் பயறுக் குழம்பும். 'ம்சிச்சா' என்றால் கீரை, நம் தண்டுக்கீரை மாதிரியே இருக்கும். கடையில் 'ம்டிண்டி' என்று பாக்கெட்டில் புளித்த பால் கிடைக்கும், அம்மாவுக்கு மோர்சாதம் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை. 'நியாமா வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். நியாமா என்றால் இறைச்சி, கோழி அவர்கள் கணக்கில் தனி. 'நியாமா வேண்டாம், குக்கு வேண்டாம், சமாகி வேண்டாம்' என்று மூன்றையும் சொல்லுங்கள், கடைசியது மீன். சஃபாரி மதியப் பொட்டலத்தில் பொரித்த கோழிக்கால்தான் வழக்கம், அதை முதல் நாளே மாற்றச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: வயலில் இருந்தால் 'ம்புங்கா', உரலில் குத்தி எடுத்தால் 'ம்ச்செலே', வெந்தால் 'வாலி'. நெல், அரிசி, சோறு! நம்மைப் போலவே மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிறார்கள்.

மலைப்பாம்பு77
தெருவில் சஃபாரி விற்கும் ஆட்கள் பற்றி: அங்கே அவர்களுக்கு 'ஃபிளைகேச்சர்' என்றே பெயர். நான் பேச்சிலராகப் போனபோது ஒருவரை நம்பி முன்பணம் கொடுத்தேன். வந்த வண்டியின் மேல்கூரை திறக்கவில்லை, இரண்டாம் நாள் ரேடியேட்டர் போய்விட்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. யாரிடம் பதிவு செய்தாலும் சுற்றுலா உரிமம் இருக்கிறதா, டாட்டோ எனும் ஏற்பாட்டாளர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள்.

டாலர் நோட்டு புதியதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். பழைய வருடத்து நோட்டை வாங்க மாட்டார்கள்.

நேரம் பற்றியும் கவனம். சுவாஹிலியில் நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. அந்தக் காலத்து நாழிகைக் கணக்கு மாதிரி சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். சஃபாரி ஓட்டுநர்கள் நம் கணக்கில்தான் பேசுவார்கள். ஆனால் பஜாஜிக்காரரிடம் சுவாஹிலியில் வீரம் காட்டாதீர்கள். (பஜாஜி என்றால் ஆட்டோ, பஜாஜ் கம்பெனிப் பெயர்தான்.)

பனியன்_ஊர்க்காரன்
முடிவு செய்துவிட்டேன். ஊசா ரிவர் 2 இரவு, தரங்கீரே பக்கம் 1, கராட்டு 2, கடைசியாக அருஷா ஊருக்குள் 1. செரெங்கெட்டி இல்லை. மகள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஒற்றை நுழைவு இ-விசா தலைக்கு 50 டாலர், ஐந்து பேருக்கும் வந்துவிட்டது.

சுருக்குப்பை
முறுக்கு, தட்டை எல்லாம் கொண்டு போவீர்கள், எனக்குத் தெரியும். கேரி பேக்கில் கட்டாதீர்கள். 2019 ஜூனிலிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, விமான நிலையத்தில் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். துணிப்பை, எவர்சில்வர் டப்பா. மஞ்சப்பை இருந்தால் இன்னும் நல்லது.

பனியன்_ஊர்க்காரன் (பயணம் முடிந்த பிறகு)
போய்விட்டு வந்தாயிற்று. கடன் வைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் எங்கள் பெட்டிகளில் ஒன்று வரவில்லை. அம்மாவின் பெட்டி. மாத்திரை கைப்பையில் இருந்தது, ஆனால் புடவை, ஸ்வெட்டர், மூட்டுக்குக் கட்டும் பட்டை எல்லாம் அதில். மறுநாள் மாலைதான் விடுதிக்கு வந்து சேர்ந்தது. ஏற்பாட்டாளரின் பழைய திட்டப்படி போயிருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் செரெங்கெட்டியின் நடுவில் இருந்திருப்போம், பெட்டி எங்களைத் துரத்திக்கொண்டு வந்திருக்கும். மனைவி இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

இரண்டாம் நாள் அருஷா தேசியப் பூங்கா. வாசலிலிருந்து பத்து நிமிடம், பதினேழு ஒட்டகச்சிவிங்கி. மகன் எண்ணினான், இருபதுக்கு மேல் அவனுக்கு எண்ண வராது என்பதால் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். அம்மா என் மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். முன் இருக்கையில் குலுக்கல் குறைவு, வயதானவர்களை அங்கே உட்கார வையுங்கள். கழிப்பறை எல்லா இடத்திலும் இல்லை. நடுவழியில் நிறுத்த வேண்டுமென்றால் 'டயரைப் பார்க்க வேண்டும்' என்று ஓட்டுநரிடம் சொன்னால் போதும், அவருக்குப் புரியும். அம்மா நாலு முறை டயர் பார்த்தார்.

தரங்கீரே பற்றி அருஷாவாசி சொன்னது குறைவு. ஆற்றுமணலைத் தும்பிக்கையால் தோண்டித் தண்ணீர் குடித்த யானைகளை ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். செட்சி ஈ என்னைத்தான் கடித்தது. கருநீலச் சட்டை. படித்தும் போட்டேன்.

ங்கொரோங்கொரோ விளிம்பு ஊட்டி உயரம், காலையில் மூடுபனி, நடுங்கிவிட்டோம். உள்ளே இறங்கினால் வெயில். காண்டாமிருகம் ஒன்று, வெகுதூரத்தில், கல் மாதிரி. கல்தான் என்று மகள் இப்போதும் சொல்கிறாள்.

கடைசி நாள் அருஷா. ஜெர்மானியர்கள் 1900-இல் கட்டிய போமா கோட்டைக்குள் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அப்புறம் கடைத்தெரு. பைக் டாக்சிகளில் பாதி நம் ஊர் வண்டிகள். டிவிஎஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அம்மா, 'ஓசூர் வண்டிடா!' என்று பக்கத்தில் நின்றவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டார். அவரும் தலையாட்டினார்.

பஜாஜிக்காரரிடம் மதியம் மூன்று மணிக்கு வரச்சொல்லி 'சா டாட்டு' என்றேன். மூன்று மணிக்கு அவர் வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் வந்து ஹாரன் அடித்தார். மலைப்பாம்பு அண்ணா, மன்னிக்கவும்.

டாக்டரம்மா_மதுரை
அம்மா குடிதண்ணீர் எப்படிச் சமாளித்தார்? மேரு மலைப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், கேட்க மறந்தேன்.

பனியன்_ஊர்க்காரன்
எல்லோரும் கடைத் தண்ணீர்தான். எங்கள் ஓட்டுநரின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் தருமபுரிப் பக்கம், பார்த்ததும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டார்.

கேமராப்பெட்டி
சரி, பெட்டி விஷயத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். செரெங்கெட்டி எப்போது?

பனியன்_ஊர்க்காரன்
மகள் பத்தாம் வகுப்புக்குப் போவதற்குள். இந்த முறை அருஷாவிலிருந்து சின்ன விமானத்தில் செரொனேரா, ஆளுக்கு 15 கிலோதான், மெத்தென்ற துணிப்பையில் கட்ட வேண்டுமாம். அருஷாவில் எத்தனை ராத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மா மூன்று என்கிறார்.